அறக்கொட்டியும் ஒரு நுளம்பும்

நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்புப் படுவான்கரையில் மாமாவின் வயல் வட்டையில் நின்றேன். நெற்பயிரின் அடியை விரித்துக் காட்டினார். தண்ணீருக்குச் சற்று மேலே, எள்ளை அப்பி வைத்த மாதிரி அறக்கொட்டி, நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி.

"இது முந்தின பூச்சி இல்ல மனே. மருந்துக்கும் பழகிற்று, வெயிலுக்கும் பழகிற்று."

அந்த 'பழகிற்று' இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. உண்மையில் ஒற்றைப் பூச்சி பழகுவதில்லை. தாங்காதது சாகிறது, தாங்கியது முட்டையிடுகிறது. அறக்கொட்டிக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம்தான். நமக்கு? சரி, விடுங்கள்.

காலநிலைக்கும் இப்படி மரபணு மாறுமா என்றால், மாறியே இருக்கிறது. வட அமெரிக்காவில் பூச்சி தின்னும் குடுவைச் செடியின் இலைக்குள் தேங்கும் தண்ணீரில் ஒரு நுளம்பு வளர்கிறது. பகல் குறுகுவதை வைத்துத்தான் அதன் புழு குளிர்கால உறக்கத்துக்குப் போகும். பிராட்ஷா, ஹோல்சாப்பல் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1972க்கும் 1996க்கும் இடையில் வடக்குப் பகுதி நுளம்புகள் உறங்கப் போகும் நாள் சுமார் 9 நாள் பிந்திவிட்டது. குளிர் பிந்தி வருகிறது, அதற்கேற்ப மரபிலேயே மாற்றம்.

மட்டக்களப்பில் அந்தக் கணக்குச் சரிவராது. இங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. இங்கத்தைய பூச்சியை வெக்கையும் மழையும்தான் சல்லடை போடும்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன்.

"நுளம்புக்கே நாள் கணக்குத் தெரியுதெண்டா, நம்மட வாய்க்காலுக்குத் தண்ணி திறக்கிற நாள் மட்டும் ஏன்டா ஒருத்தருக்கும் தெரியுதில்ல?"

வரம்பில் செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு நடந்தார்.