"அலசிடுங்க" என்று நான் சொன்ன வயல்

"ஜிப்சம் வர மூணு வாரம் ஆகும்னுட்டாங்க சார். வாய்க்கால்ல தண்ணி வருது. அதுக்குள்ள உப்பை அலசி வடிச்சிடட்டுமா?"

விவசாயி கேட்டார். "அலசிடுங்க" என்றேன்.

திருச்சிப் பக்கத்துக் களிமண் வயல். பரிசோதனை முடிவில் உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன் 6, கார அமில நிலை 8.4, களித்துகள்களில் ஒட்டியிருக்கும் பரிமாற்றச் சோடியம் 28 சதவீதம். உப்பு மிகுந்த உவரும் சோடியம் மிகுந்த களரும் கலந்த நிலம். அந்தச் சோடியத்தை விரட்டுவது ஜிப்சத்திலுள்ள கால்சியம். உப்பு கூடுதல், ஆகவே முதலில் அலசல் என்பதில் எனக்கு அன்று சந்தேகமே வரவில்லை. மணற்பாங்கான வயலில் இதே யோசனை பலித்திருந்தது.

களிமண்ணில் அந்த உப்புதான் சோடியத்தை அடக்கி வைத்திருக்கிறது. மண்நீரில் உப்பு செறிவாக இருக்கும்வரை களித்துகள்கள் திரண்டு நிற்கும். நல்ல தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு போனதும், சோடியம் ஏறிய துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைத்துவிடும். இரண்டாம் தண்ணீருக்கே வயல் கலங்கி நின்றது, நான்காம் நாளும் வடியவில்லை. காய்ந்தபோது மேலே ஓடு கட்டியது. கார அமில நிலை 9-ஐத் தாண்டியது.

சதவீதம்தான் என்னை ஏமாற்றியது என்று சில நாள் தோன்றும். பரிமாற்றத் திறன், அதாவது சோடியம் போன்றவற்றை மண் பிடித்து வைக்கும் மொத்த அளவு, 10 உள்ள மணற்பாங்கான மண்ணில் 28-ஐ 10 சதவீதத்துக்குக் குறைக்க வெளியேற வேண்டிய சோடியம் 1.8 அலகு. திறன் 40 உள்ள களிமண்ணில் அதுவே 7.2. மேல் 15 செ.மீ. மண்ணில் ஓர் அலகுக்கு ஏக்கருக்குச் சுமார் 780 கிலோ ஜிப்சம். அதாவது அங்கே 1.4 டன், இங்கே 5.6 டன். ஒரு டன் கரையவே ஏக்கரில் 10 செ.மீ. தண்ணீர் வேண்டும். அடைத்துப்போன மண்ணில் அவ்வளவு தண்ணீரை எப்படி இறக்குவது?

வாய்க்கால் தண்ணீர் மூன்று வாரம் காத்திருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அனுமதி அல்ல, தீர்ப்பு. கையில் மண்ணை உருட்டிப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

இப்போது காய்ந்த கட்டி ஒன்றை மழைநீர் நிறைந்த புட்டியில் போட்டு, அசைக்காமல் ஒரு நாள் வைக்கச் சொல்கிறேன். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் ஜிப்சம் போடும்வரை அலசல் இல்லை. உப்பான போர்த் தண்ணீரில் இதைச் செய்யக் கூடாது. கட்டி கலங்காமல் கிடந்து, நல்ல மண் என்று நம்ப வைத்துவிடும். பிறகு வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டி, ஜிப்சத்தைத் தூவி மேல் மண்ணோடு கலந்து, 10 செ.மீ. தண்ணீர் கட்டி, ஒரு நாளாவது நிறுத்தி வடிக்க வேண்டும். ஜிப்சத்தின் அளவுக்கு ஏற்ப இப்படிப் பல முறை. அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்.

அந்த வயலுக்கும் பின்னர் இதையெல்லாம் செய்தோம். மேல் மண் பொலபொலப்பாகிவிட்டது. கடப்பாறை மட்டும் இன்னும் 20 செ.மீ.க்குக் கீழே இறங்க மறுக்கிறது. அது அந்த அலசலில் இறங்கிய களியா, முன்பே இருந்த இறுக்கமா? அலசலுக்கு முன் அங்கே நான் கடப்பாறை போட்டுப் பார்த்ததில்லை.