மரத்தூளுக்குள் கிடந்த நெருப்பு

தீயணைப்புத் துறையில் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு மரவாடியில் தீ. ராத்திரி பதினோரு மணிக்கு அழைப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேக்குச் சட்டங்கள் அடுக்கோடு எரிந்துகொண்டிருந்தன. இரண்டு மணி நேரத்தில் தீ அடங்கியது. சரி, முடிந்தது என்று ஹோஸைச் சுருட்டக் குனிந்தேன்.

"என்னப்பா அவசரம்? வேலையே இனிமேதான்" என்றார் நிலைய அலுவலர்.

பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மரத்தூள் குவிந்திருந்தது. மேலே எல்லாம் சொதசொதவென்று ஈரம். கடப்பாரையை உள்ளே செருகி, சற்றுப் பொறுத்து உருவி, புறங்கையை அதன் அருகே கொண்டுபோகச் சொன்னார். அனல் அடித்தது. தண்ணீர் மேலோடு வழிந்துவிட்டது. உள்ளே சுடரே இல்லாமல் கனன்றுகொண்டிருந்தது. வேகமாகத் தண்ணீர் அடித்தாலும் ஆபத்துதான். தூள் காற்றில் கிளம்பினால் குப்பென்று பற்றும், வெடிக்கவும் செய்யும். மண்வெட்டியால் வாரி, பரப்பி, பூவாளியில் ஊற்றுவதுபோல் நனைத்தோம். விடிந்துவிட்டது.

அன்று பார்த்த இன்னொன்றும் மறக்கவில்லை. கொட்டகையின் இரும்புச் சட்டங்கள் நெளிந்து தொங்கின. பக்கத்து அலுவலக அறையின் பழைய மர உத்திரமோ கரிக்கட்டையாகத் தெரிந்தாலும் ஓட்டுக் கூரையைத் தாங்கி நின்றது. காரணம் பின்னால் பயிற்சியில் புரிந்தது. சுமார் 300 டிகிரியில் மரத்தின் மேல்பகுதி கரியாகிவிடும். அந்தக் கரி சூட்டை எளிதில் உள்ளே விடாது. கனமான உத்திரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கரியும். உள்மரம் வலுவோடு இருக்கும். இரும்பு எரியாது, ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போது பாதி வலுவை இழந்துவிடும். எரியாத பொருளைத்தான் நான் அதிகம் நம்பியிருந்தேன்! அதற்காக எந்த மரத்தடியிலும் போய் நிற்க மாட்டேன். கரையான் அரித்த விட்டமும் மெல்லிய ரீப்பர் கட்டையும் வேறு கணக்கு.

மறுநாள் சாயங்காலம் அதே மரவாடியிலிருந்து மறுபடி அழைப்பு. வடக்கு மூலையில், பலகை அடுக்குக்கு அடியில் சேர்ந்திருந்த தூளிலிருந்து புகை. இரண்டு கைப்பிடி இருக்கும், அவ்வளவுதான்.

நிலைய அலுவலர் என்னைத் திட்டவில்லை. கடப்பாரையை மட்டும் என் கையில் கொடுத்தார். அந்த மூலையைப் பார்த்தாகிவிட்டது என்று விடிகாலையில் அவரிடம் சொன்னவன் நான்தான்.