பாடம் இங்கிலீஷில், ஏச்சு தமிழில்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடந்த விதத்தை யாராவது ஆராய்ச்சி செய்வார்கள் என்று அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். ரீச்சர் பாடத்தை இங்கிலீஷில் தொடங்குவார். பின்வாங்கில் யாராவது கதைத்தால் ஏச்சு தமிழில் விழும். "விளங்கினதோ பிள்ளையள்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு மறுபடி இங்கிலீஷுக்குப் போவார். கல்வி அதிகாரி வரும் நாளில் மட்டும் முழுக்க இங்கிலீஷ். அன்று ஒருவருக்கும் ஒன்றும் ஏறாது.

ரொறன்ரோவில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது மொழியியல் பேராசிரியர் சுரேஷ் கனகராஜா 1995இல் எழுதிய ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. யாழ்ப்பாணத்து இங்கிலீஷ் வகுப்புகளில் இருந்து பார்த்து எழுதியது. பாடப் பொருளுக்கு இங்கிலீஷ். ஏச்சு, பகிடி, தட்டிக்கொடுப்பு எல்லாம் தமிழ். இதை ஆசிரியர்களின் பலவீனம் என்று அவர் தள்ளவில்லை. எந்த இடத்தில் எந்த மொழி செல்லும் என்பதை அந்தப் பிள்ளைகள் அங்கேதான் பழகுகிறார்கள் என்றார். எங்கள் ரீச்சர் இதை வாசித்திருந்தால் கல்வி அதிகாரியைக் கண்டு அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

கனகராஜா 1980களின் நடுப்பகுதியிலிருந்து பத்து வருடமளவில் யாழ். பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் கற்பித்தவர். நான் அவரிடம் படிக்கவில்லை. ஆனால் அவர் எழுதிய வகுப்பறைகளும் எங்களுடையதும் ஒரே ஊர், ஒரே இருட்டு. போர்க்காலம், கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் கடதாசிக்கும் தட்டுப்பாடு. பேப்பர்காரர் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்தார்கள். நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்தோம். அதே தடைக்குள் இருந்து வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு எழுதுவது என்ன பாடு என்பதை 2002இல் ஒரு நூலாகவே எழுதினார். தாள் இல்லை, தபால் வராது, புதிய ஆய்விதழ்கள் கண்ணில் படாது. ஆனால் இதழ்கள் கேட்கிற பிரதிகளையும் காலக்கெடுவையும் தவறவிட்டால், எழுதியவருக்கு அறிவு இல்லை என்றுதான் உலகம் நினைக்கும். யாழ்ப்பாணத்து மாணவர்களைப் பற்றி 1993இல் அவர் எழுதிய கட்டுரையை வெளியிட்ட அதே அமெரிக்க ஆய்விதழுக்குப் பின்னாளில் அவரே ஆசிரியரானார். எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோசம்.

அந்த 1993 கட்டுரை முதலாம் வருடக் கலைப்பீட மாணவர்களைப் பற்றியது. பாடநூல் அமெரிக்கப் பதிப்பு. அதில் வருகிற ஆட்களும் வேலைகளும் வாழ்க்கையும் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவை. மாணவர்கள் வாய் திறந்து எதிர்க்கவில்லை. புத்தக ஓரங்களில் எதிர்த்தார்கள். படங்களுக்கு மேல் கிறுக்கல், சினிமா, காதல், போராட்டம். எங்கள் வகுப்புப் புத்தகங்களிலும் இதெல்லாம் இருந்தது. பிடிபட்டால் முழங்காலில் நிற்க வேண்டும். அவர் அந்தக் கிறுக்கலை வாசிக்கத் தக்க எழுத்தாக எடுத்துக்கொண்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. அதே மாணவர்கள் சோதனை கிட்ட வர, "கதைக்கிற பயிற்சி வேண்டாம், இலக்கணத்தைத் தாருங்கள்" என்ற நிலைக்கு வந்ததையும் எழுதினார். அடக்குமுறைக்கு எதிரான மாணவர் என்று மாலை போடுவது சுலபம். அவர் அப்படிப் போடாததால்தான் எனக்கு அவரில் நம்பிக்கை.

எங்களுக்கு இங்கிலீஷ் ஏன் அப்படி ஒரு ஏக்கமாக இருந்தது? அப்பப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கையே இங்கிலீஷில் படித்தவர். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது, சுயமொழிக் கல்வி பரவியது. நான் விஞ்ஞானத்தைத் தமிழில் படித்தேன், அதில் குறை சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் மட்டும் ஒரு பாடமாகச் சுருங்கியது. வசதியுள்ளவர்கள் ரியூசனில் ஈடுகட்டினார்கள். தொண்ணூறுகளில் ஊரில் தூய தமிழ் கட்டாயம் போல ஆனபோதும் சனம் பேச்சில் இங்கிலீஷைக் கலந்துகொண்டே இருந்ததை கனகராஜா இன்னொரு கட்டுரையில் காட்டியிருக்கிறார். சட்டம் போட்டு நாக்கை மாற்றுவது கொழும்பாலும் முடியவில்லை, எங்களாலும் முடியவில்லை.

அப்புறம் அவர் எங்களையே ஆராய வந்துவிட்டார். ரொறன்ரோ, இலண்டன், கலிபோர்னியாத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி 2008இல் எழுதினார். தமிழ் மிக வேகமாகப் போகிறது. பிள்ளைகளில் பழி போடும் பெற்றோரே வீட்டில் இங்கிலீஷுக்கு இடம் விட்டவர்கள். சாதியும் ஆண் பெண் வேற்றுமையும் பேச்சிலேயே ஒட்டியிருக்கிற தமிழைவிட, சிலருக்கு இங்கிலீஷ் விடுதலையாகப் பட்டது என்பதையும் மூடி மறைக்கவில்லை. இங்கே எங்கள் தமிழர் சங்கத்தில் இதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள்.

பிறகு வந்த எழுத்துகளில், தமிழில் நாலு சொல் மட்டும் தெரிந்த இளம் பிள்ளைகளும் அந்த நாலு சொல்லை வைத்துத் தமிழராக நடந்துகொள்கிறார்கள் என்கிறார். இங்கேதான் நான் கொஞ்சம் முரண்படுவேன். நாலு சொல்லால் கொண்டாட்டம் நடத்தலாம். அம்மம்மாவுக்கு நெஞ்சு நோகிறது என்றால் எப்படி நோகிறது என்று கேட்க அது காணாது.

ஆனாலும் ஒன்றில் அவர் பக்கம்தான். எங்கள் ஒன்றுகூடல் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் தமிழ்ப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள். கைதட்டுகிறோம், அவர்களுக்கு ஒரு வரியும் விளங்காது. அடுத்த வருடம் அந்தப் போட்டியை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மூத்தவரோடு மேடையில் கதைக்கட்டும். இங்கிலீஷ் கலந்தால் புள்ளி வெட்டக் கூடாது. நிர்வாகக் குழு சம்மதித்தால் நடுவராக இருக்க நான் தயார்.