தண்ணி ஏற்றுவதற்கு முன்

"மிஸ்ஸி, ஒரு பாட்டில் தண்ணி ஏத்திவிடுங்க, தெம்பு வந்துரும்." மலேசியாவில், பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்கள் நர்ஸான என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நான் திருப்பிக் கேட்பேன்: "மூணு வாரமா வயித்துல என்ன தங்குச்சு?"

இப்படிக் கேட்பதெல்லாம் வைட்டமின் பி1 சத்துக்காகத்தான், தயமின் என்பார்கள். உடம்பில் இதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க இது வேண்டும். பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு வெறும் குளுக்கோஸ் தண்ணியை ஏற்றினால், மிச்சமிருந்த தயமினும் செலவாகி மூளை அடிபடலாம். தயமின் ஊசி முன்னே போக வேண்டும், இல்லையென்றால் கூடவே போக வேண்டும்.

ஒரு மருமகள், நாலாம் மாதம். மசக்கைதானே என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். வாரக்கணக்கில் தே ஓ, அதாவது பால் கலக்காத தேநீர்கூடத் தங்கவில்லை. "ராத்திரி தள்ளாடுது மிஸ்ஸி, என்னையே யாருன்னு கேக்குது" என்று மாமியார் அழுதார். காத்து கறுப்பு பட்டிருக்கும் என்று கோயிலுக்கும் போய் வந்திருந்தார்கள். என் விரலைப் பார்க்கச் சொன்னேன். கண்மணி இரண்டும் பக்கவாட்டில் துடித்தன. வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை எங்கே தங்கும்? டாக்டர் நரம்பு வழியாகத் தயமின் கொடுத்து கோலாப்பிலா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

தயமின் குறைந்து மூளை அடிபடும் இந்த நோய் குடிகாரர்களுக்குத்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு ஆபத்தானது. 1881-இல் கார்ல் வெர்னிக்கி என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதிவைத்த மூன்று நோயாளிகளில் ஒருவர், அமிலம் குடித்து வாந்தி நிற்காமல் போன தையல்காரப் பெண். குழப்பம், கண் கோளாறு, தள்ளாட்டம் மூன்றும் ஒருசேர வருவது குறைவு. மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

நம் நாட்டுக்கு இது புதுக் கதையும் இல்லை. 1905 வாக்கில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில், இதே தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியபோது, டாக்டர் வில்லியம் பிளெச்சர் ஒரு பாதிப் பேருக்கு வெள்ளை சயாம் அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிக்காரர்களைத்தான் பிடித்தது. புழுங்கலுக்காக நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. தோட்டத்துத் தமிழர்கள் அப்போது பெரும்பாலும் தப்பியது இந்தப் புழுங்கலால்தான். ஆனால் எந்த அரிசியானாலும் வயிற்றில் தங்கினால்தானே!

அந்தப் பெண்ணுக்குக் கண் சில நாளில் தெளிந்தது. நடை சீராக மாதங்கள் பிடித்தன. குழந்தை நன்றாக இருக்கிறது. படுக்கையில் கிடந்த வாரங்களைப் பற்றி மட்டும் இன்னும் மாமியாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.