அப்பாவுக்கு ஒரே ஒரு நாள் கரண்ட்

ப்ராஸ்டேட்டிலிருந்து புற்றுநோய் அப்பாவின் இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. ராத்திரியில் புரண்டு படுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே கிடப்பார்.

கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையை ஒரே தடவை, 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வைத்தால் போதும் என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் பத்து நாள் சொல்லியிருந்தார்கள். நமக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று பயந்து கேட்டேன். வலி குறைவதில் இரண்டும் ஒன்றுதானாம். ஒரே தடவை வைத்தவர்களுக்குப் பிற்பாடு மறுபடி தேவைப்படுவது அதிகம், அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுத்த அன்று இடுப்பில் ஊதா மையால் கோடு போட்டார்கள். அது அழியக்கூடாதென்று இரண்டு நாள் வேட்டியை இறக்கியே கட்டினார் அப்பா. மெஷினில் சில நிமிஷம்தான். "சூடுகூடத் தெரியலம்மா" என்றார்.

மறுநாள் ராத்திரி வலி இரண்டு மடங்கானது. சிலருக்கு முதல் சில நாள் இப்படிக் கூடித்தான் அடங்கும் என்று போன் செய்தபோதுதான் சொன்னார்கள். முன்னாடியே சொல்லியிருந்தால் அப்படி அழுதிருக்க மாட்டேன். உங்கள் வீட்டிலும் கரண்ட் வைக்கப்போகிறார்கள் என்றால் இதைக் கேட்டு, வலி மாத்திரையையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மூன்றாவது வாரம், ஒரு விடிகாலை எட்டிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் தானாகத் திரும்பிப் படுத்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.