மைட்டி நம்பர் 9: விளையாடியபடி எழுதிய நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025

மைட்டி நம்பர் 9 விளையாட ஆரம்பித்திருக்கிறேன். இந்த கேமைப் பற்றி இதுவரை என் காதில் விழுந்ததெல்லாம் அதன் பணக்கதையும் தாமதக்கதையும்தான். கையில் எடுத்து ஆடினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். முடிக்கும்வரை அவ்வப்போது இங்கே எழுதுகிறேன்.

முன்கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். கெய்ஜி இனாஃபுனே 1987-இல் காப்காம் என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தவர். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த முதல் மெகா மேன் கேமில் வேலை செய்தார். ஜப்பானில் அதன் பெயர் ராக்மேன். அதன் நாயகனான நீல ரோபோவை முதலில் உருவாக்கியவர் அகிரா கிதாமுரா. இதை இனாஃபுனேயே சொல்லியிருக்கிறார். ஆனாலும் காலப்போக்கில் மெகா மேன் என்றால் இனாஃபுனே என்று ஆகிவிட்டது. 2010-இல் காப்காமை விட்டு விலகி, காம்செப்ட் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார்.

2013 ஆகஸ்ட் 31 அன்று, மைட்டி நம்பர் 9 செய்ய, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடமே நேராகப் பணம் கேட்டார். கேட்டது 9 லட்சம் டாலர். இரண்டே நாளில் அது சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துக் கணக்கை மூடியபோது 67,226 பேர் 38 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். புது மெகா மேன் வராதா என்று ஏங்கிக் கிடந்தவர்களின் பணம் அது. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு என்பதால்தான் இவ்வளவு அக்கறையோடு இதை ஆடப் போகிறேன்.

ஜனவரி 6

நாயகன் பெயர் பெக். சண்டை அரங்கில் மோதுவதற்காகச் செய்யப்பட்ட ஒன்பது ரோபோக்களில் கடைசி. ஒரு கணினி வைரஸ் பரவி எல்லா ரோபோக்களும் வெறிபிடித்து அலைய, பெக்கை மட்டும் அது தொடவில்லை. மற்ற எட்டுப் பேரையும் அவன்தான் மீட்க வேண்டும். கதை இவ்வளவுதான், போதும்.

நான் எழுத வந்தது டாஷ் பற்றி, அதாவது சட்டென்று முன்னால் பாயும் அசைவு பற்றி. பழைய மெகா மேன் நமக்குப் பழக்கியது தூரம். எதிரியின் குண்டு வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, தள்ளி நின்று சுட வேண்டும். திரையில் ஒரே நேரத்தில் நம் குண்டு மூன்றுதான் இருக்க முடியும் என்பதால், வீணாகச் சுட்டால் உடனே தண்டனை. இங்கே பெக் சுடுவது வேலையில் பாதிதான். நாலைந்து குண்டு வாங்கியதும் எதிரி நிலைகுலைந்து ஒளிர ஆரம்பிக்கிறது. அந்த நொடியில் டாஷ் அடித்து அதன் மேலேயே பாய்ந்தால், அதன் ஆற்றலைப் பெக் உறிஞ்சிக்கொள்கிறான். உடனே பாய்ந்தால் நூறு சதவீதம். தயங்கினால் சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். உறிஞ்சியதின் நிறத்தைப் பொறுத்துக் கொஞ்ச நேரத்துக்கு வேகமோ குண்டின் பலமோ தாங்கும் சக்தியோ கூடுகிறது.

முதல் ஸ்டேஜில் இது ஓர் அலங்காரம் மாதிரிதான் பட்டது. இரண்டாவது ஸ்டேஜில், வரிசையாக நின்ற எதிரிகளைச் சுட்டுப் பாய்ந்து, மறுபடி சுட்டுப் பாய்ந்து, கால் தரையில் படாமலேயே ஒரு பள்ளத்தைக் கடந்தேன். மெகா மேனில் ஒருநாளும் செய்ய முடியாத காரியம். ஓடிக்கொண்டே எதிரியின் மூக்குக்கு நேராகப் போகச் சொல்கிற மெகா மேன் இது. இந்த ஒரு யோசனை உண்மையிலேயே புதுசு.

ஜனவரி 9

ஸ்டேஜ் முடிவில் பாஸாக நிற்கும் அந்த எட்டு ரோபோக்களோடு போடும் சண்டையிலும் இதே விதிதான், ஆனால் கடுமை அதிகம். குறிப்பிட்ட அளவு அடித்ததும் பாஸ் ஒளிரும். அப்போது பாய்ந்து உறிஞ்சினால்தான் அந்த அடி கணக்கில் நிற்கும். விட்டுவிட்டால் இழந்த பலத்தை அது திரும்ப ஏற்றிக்கொள்ளும். பைரோஜென் என்ற பாஸ் உடம்பெல்லாம் தீயோடு எரியும்போது அவன் அருகில் போயே ஆக வேண்டும் என்பது எவ்வளவு நல்ல பயம்!

ஜெயித்தபின் நடப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. தோற்ற பாஸ் வெடித்துச் சிதறுவதில்லை. வைரஸ் நீங்கிச் சுயநினைவுக்கு வருகிறான். பின்னால் வேறு ஸ்டேஜில் வந்து உதவியும் செய்கிறான். உறிஞ்சுவது என்ற செயலுக்கும் மீட்பது என்ற கதைக்கும் இப்படி ஒரு முடிச்சு போட்டவர் யாரோ, நிதானமாக யோசித்திருக்கிறார்.

ஜனவரி 10

பிராண்டிஷ் என்ற பாஸின் நெடுஞ்சாலை ஸ்டேஜ். ஓடும் வண்டிகளின் மேல் தாவித் தாவிப் போவது. அருமை.

ஜனவரி 14

இன்று ஆடவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். கையில் ஆடும்போது இவ்வளவு தெளிவாக இருக்கும் கேம், கண்ணுக்கு ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது? 2013-இல் காட்டிய ஓவியங்களில் கோடுகள் கூர்மை, நிறங்கள் துள்ளல். முடிந்த கேமில் சுவரும் தரையும் ஒன்றுபோல் தட்டையாக இருக்கின்றன. வெடிப்புகளுக்கு உயிர் இல்லை. எதில் நிற்கலாம், எது பின்னணி என்று சில இடங்களில் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் மெகா மேன் ஓடிய ஃபாமிகாம் என்ற பழைய கேம் கருவியை நினைத்துப் பாருங்கள். திரை 256-க்கு 240 புள்ளிகள். நகரும் உருவத் துண்டுகள் மொத்தம் 64, ஒரே கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வந்தால் மின்னி மறையும். ஒரு துண்டுக்கு மூன்று நிறம்தான். மெகா மேனின் முகத்துக்கு வேறு நிறம் வேண்டும் என்பதற்காகவே முகத்தைத் தனித் துண்டாக வரைந்து உடம்பின் மேல் ஒட்டினார்கள். இவ்வளவு நெருக்கடியில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் முடிவெடுத்தாக வேண்டும். நமக்குப் பிடித்த அந்தத் தெளிவு அங்கிருந்து வந்தது.

மைட்டி நம்பர் 9-க்கு நேர்ந்தது இதற்கு எதிரானது. முதலில் வாக்குக் கொடுத்தது பிசிக்கு மட்டும். பணம் ஏற ஏற ஒவ்வொரு படியிலும் ஒரு புது வாக்குறுதி சேர்ந்தது: பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ யூ, அப்புறம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கையடக்கமான 3டிஎஸ், வீட்டா, கூடவே இணையத்தில் சேர்ந்து ஆடும் முறை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். 2015 ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பருக்குப் போய், 2016 பிப்ரவரிக்குப் போய், கடைசியில் 2016 ஜூன் 21-இல்தான் வந்தது. பிப்ரவரித் தேதியைத் தள்ளிவைத்தபோது சொன்ன காரணமே இணைய ஆட்டத்தில் இருந்த பிழைகளும், ஆதரிக்க வேண்டிய கருவிகளின் எண்ணிக்கையும்தான். 3டிஎஸ், வீட்டா பதிப்புகள் வரவே இல்லை.

கொடுத்தவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது ஒரு நல்ல ரோபோ கேம். பணம் கூடினால் ஸ்டேஜ்களை இன்னும் இழைக்கலாம் என்று அந்தப் படிகளை வகுத்திருக்கலாம். கருவிகளைக் கூட்டும் படிகளாக வகுத்துவிட்டார்கள். இந்த வகை கேமுக்குப் பணம் கேட்க வருகிற யாரிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஜனவரி 15

இசையைச் சொல்ல விட்டுப்போச்சு. முதல் மெகா மேனுக்கு இசையமைத்த மனாமி மத்சுமாயே இதிலும் இருக்கிறார்.

ஜனவரி 19

முடித்துவிட்டேன். எட்டுப் பேரில் கடைசியாக கவுன்டர்ஷேட். அவன் ஒளிந்திருந்து தூரத்திலிருந்து சுடுகிறான், நாம் குண்டு வரும் திசையை வைத்து அவனைக் கட்டடம் முழுக்கத் தேடிப் போக வேண்டும். அருகில் போ என்கிற கேமில், அருகில் வரவிடாத ஓர் எதிரி. டிரினிட்டி என்ற எதிரியோடு வரும் கடைசிச் சண்டையில் மட்டும் பொறுமை சோதிக்கப்படுகிறது. சின்னத் தவறுக்கும் நெடுந்தூரம் திரும்ப வர வேண்டியிருப்பது நியாயமாகப் படவில்லை.

ஜனவரி 25

மைட்டி கன்வோல்ட் பர்ஸ்ட் என்ற இன்னொரு கேம் ஆடுகிறேன். 2017 ஜூனில் வந்தது. செய்தது இன்டி கிரியேட்ஸ். மெகா மேன் 9-ஐயும் 10-ஐயும் பழைய 8-பிட் வடிவத்திலேயே செய்து கொடுத்தவர்கள், மைட்டி நம்பர் 9-இலும் காம்செப்டோடு சேர்ந்து வேலை செய்தவர்கள்.

அதே பெக், அதே பாஸ்கள், ஆனால் எல்லாம் புள்ளிகளால் ஆன சின்ன உருவங்கள். எது தரை, எது சுவர், எது ஆபத்து என்று ஒரு பார்வையில் தெரிகிறது. குண்டு எவ்வளவு தூரம் போக வேண்டும், எப்படி வளைய வேண்டும் என்பதைக்கூட கேம் தரும் பாயின்ட்களைச் செலவழித்து நாமே அமைத்துக்கொள்ளலாம். டாஷ் அடித்து உறிஞ்சுவது இதில் இல்லை. ஆனால் எதிரியை ஒட்டி நின்று கடைசிக் குண்டைச் சுட்டால் பர்ஸ்ட் என்று தனி மதிப்பெண் கிடைக்கிறது. தொடர்ந்து செய்தால் அது ஏறிக்கொண்டே போகும். அருகில் போ என்ற அந்த யோசனையை அவர்கள் கைவிடவில்லை. என் குண்டின் தூரத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு, மிச்சமான பாயின்ட்களை அதன் பலத்தில் போட்டு, பைரோஜெனிடம் மறுபடி போயிருக்கிறேன்.