கேட் தேர்வுக்காகத் தனிநிலைக் கணிதம் படித்த இரண்டு ஆண்டுகள்

எம்.டெக். போன்ற முதுநிலைப் படிப்புகளில் சேர உதவும் தேசிய அளவிலான கேட் தேர்வை, கணினி அறிவியல் பாடத்தில் நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எனக்கு அதிக மதிப்பெண் இழப்பைத் தந்த பகுதியும், இரண்டாம் முறை நான் அதிக நம்பிக்கையோடு அணுகிய பகுதியும் ஒன்றுதான். அது தனிநிலைக் கணிதம் (டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ்): தர்க்கம், கணங்கள், தொடர்புகள், எண்ணுதல், கிராஃபுகள் போன்றவற்றைப் பற்றிய கணிதம். இடைப்பட்ட காலத்தில் என்ன மாறியது என்பதை, இதே தேர்வுக்குத் தயாராகும் தமிழ்வழி மாணவர்களுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன்.

மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய 100 மதிப்பெண் தேர்வு அது. பொது அறிவுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்குச் சுமார் 13, எஞ்சியவை கணினிப் பாடங்களுக்கு. அந்த 13 மதிப்பெண்ணைத் தனிநிலைக் கணிதம், நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், நிகழ்தகவு ஆகிய நான்கும் பங்கிட்டுக் கொள்கின்றன. இவ்வளவு சிறிய பங்குக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அல்காரிதம், தானியங்கிக் கோட்பாடு, தரவுத்தளம் ஆகிய பாடங்களின் கேள்விகளுக்குள்ளும் கணங்களும் தொடர்புகளும் கிராஃபுகளும் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட அமைப்புகள்) உறைந்து கிடப்பதால், இந்தப் பகுதியில் ஏற்படும் குழப்பம் மற்ற பகுதிகளையும் பாதிக்கிறது என்பதே என் அனுபவம்.

கல்லூரியில் இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண்தான் பெற்றிருந்தேன். பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த நிரூபணங்களை வரி மாறாமல் மனப்பாடம் செய்து எழுதியதால் கிடைத்த மதிப்பெண் அது. கேட் தேர்வில் நிரூபணம் எழுதச் சொல்வதில்லை. ஒரு கூற்றைக் காட்டி அது உண்மையா என்று கேட்கிறார்கள். ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால், ஒரு மதிப்பெண் கேள்விக்கு 1/3 மதிப்பெண்ணும், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 2/3 மதிப்பெண்ணும் கழிக்கப்படும். 2021 முதல் வரும் பலவிடைக் கேள்விகளில் கழிவு இல்லை என்றாலும், சரியான விடைகள் அனைத்தையும் குறித்து, தவறான எதையும் குறிக்காமல் இருந்தால் மட்டுமே மதிப்பெண் உண்டு. அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. முதல் முறை நான் அந்த நிலையில்தான் இருந்தேன்.

இரண்டாம் சுற்றைத் தர்க்கத்திலிருந்து தொடங்கினேன். கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் மெய்மை அட்டவணையைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே போட்டிருந்ததால் இதை எளிது என்று நினைத்து முதல் ஆண்டில் கடந்து போயிருந்தேன். உண்மையில் அட்டவணை எளிது. வாக்கியத்தைக் குறியீடாக மாற்றுவதுதான் கடினம். ஆங்கில வாக்கியங்களில் வரும் ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’ ஆகியவை என்னைத் தொடர்ந்து ஏமாற்றிக் கொண்டிருந்தன. ஒருநாள் அவற்றைத் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது. “மழை பெய்தால் குடை எடுப்பேன்” என்று சொன்னவர், மழை பெய்யாத நாளில் குடை எடுத்தாலும் சொல் தவறியவர் ஆகமாட்டார். “மழை பெய்தால்தான் குடை எடுப்பேன்” என்று சொன்னவரோ, அப்படி எடுத்தால் சொல் தவறியவர். அந்தச் சிறிய ‘தான்’, குறியீட்டில் ‘எனில்’ என்பதைக் காட்டும் அம்புக்குறியின் திசையையே திருப்பிவிடுகிறது: குடை எடுத்திருக்கிறார் எனில் மழை பெய்திருக்கிறது. ‘ஒன்லி இஃப்’ என்பது இந்தத் ‘தான்’; ‘அன்லெஸ்’ என்பது நம் ‘இல்லாவிட்டால்’. அதன்பின் அவ்விரண்டிலும் நான் தடுமாறவில்லை.

அளவைக் குறிக்கும் சொற்களிலும் தமிழ் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. “எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை” என்ற வாக்கியத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். சிலர் தேறவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். குறியீட்டில் இந்த இரட்டைப் பொருளுக்கு இடமில்லை. ‘இல்லை’ என்பது ‘எல்லா’வுக்கு வெளியே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா என்று முடிவு செய்தே எழுத வேண்டும். நாள்தோறும் பத்து வாக்கியங்களை இப்படி இருவகையாகப் பிரித்து எழுதும் பயிற்சியை ஏறத்தாழ ஒரு மாதம் செய்தேன். என் தயாரிப்பில் மிகுந்த பயன் தந்தது அந்த ஒரு மாதம்தான் என்று இன்றும் கருதுகிறேன்.

அடுத்தது தொடர்புகள், அதாவது ஒரு கணத்தின் எந்த உறுப்பு எதனுடன் சேர்கிறது என்று சொல்லும் இணைகளின் தொகுப்புகள். அ ஆ-வுடன் தொடர்புடையதாக இருக்கும்போதெல்லாம் ஆ-வும் அ-வுடன் தொடர்புடையது என்றால் அது சமச்சீர்; அ-விலிருந்து ஆ-வுக்கும் ஆ-விலிருந்து இ-க்கும் தொடர்பு இருக்கும்போதெல்லாம் அ-விலிருந்து இ-க்கும் இருந்தால் அது கடப்பு; ஒவ்வோர் உறுப்பும் தன்னுடனேயே தொடர்புடையது என்றால் அது தற்சுட்டு. ஒரு தொடர்பு சமச்சீராகவும் கடப்பாகவும் இருந்தால் அது தற்சுட்டாகவும் இருக்கும் என்று முதல் ஆண்டு முழுவதும் நம்பியிருந்தேன். அ என்பது ஆ-வுடன் தொடர்புடையது, சமச்சீரால் ஆ என்பது அ-வுடன் தொடர்புடையது, ஆகவே கடப்பால் அ தன்னுடனேயே தொடர்புடையது என்பது என் வாதம். கேட்பதற்குப் பிழையற்றதாகத் தோன்றும் இந்த வாதம், ஒவ்வோர் உறுப்புக்கும் தொடர்புடைய ஏதோ ஓர் உறுப்பு உண்டு என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. யாருடனும் தொடர்பில்லாத ஓர் உறுப்பு இருந்தால் வாதம் சரிந்துவிடும். ஓர் இணைகூட இல்லாத வெறுமையான தொடர்பு சமச்சீரும் கடப்பும் உடையது என்பதை ஏற்கவே எனக்குச் சில நாட்கள் ஆயின. அதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்: என் வீட்டில் ஒரு யானையும் இல்லாதபோது, “என் வீட்டு யானைகள் எல்லாம் பறக்கும்” என்ற கூற்றைப் பொய்யென்று காட்ட, பறக்காத ஒரு யானையை யாராலும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. ஆகவே அது மெய்.

எண்ணுதல் பகுதியில் எனக்கு வழிகாட்டியவர் விடுதியில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணன். வாய்பாட்டைத் தேடி நான் பக்கம் புரட்டும்போதெல்லாம், “முதல்ல மூணுக்குப் போட்டுப் பாருடா” என்பார். மூன்று உறுப்புகள் கொண்ட கணத்தில், தன்னுடனேயே சேர்வதையும் சேர்த்து, 9 வரிசை இணைகள் உள்ளன; ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம் என்பதால் 512 தொடர்புகள். தற்சுட்டுத் தொடர்பில் 3 இணைகள் கட்டாயம் என்பதால் மீதி 6 இணைகளுக்கு 64 வழிகள். தற்சுட்டு, சமச்சீர், கடப்பு மூன்றும் கொண்ட சமானத் தொடர்புகள் வெறும் 5, ஏனெனில் அவை கணத்தைக் குழுக்களாகப் பிரிக்கும் வழிகளே. நான்கு உறுப்புகளுக்கு, நான்காவது உறுப்பு எத்தனை பேருடன் ஒரே குழுவில் இருக்கிறது என்று பிரித்து எண்ணினால் 5, 6, 3, 1 எனக் கூடி 15 வரும். இப்படிக் கையால் எண்ணிப் பெற்ற எதையும் நான் பிறகு மறக்கவில்லை. மனப்பாடம் செய்த வாய்பாடுகளோ தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்து போயின.

பொருட்கள் ஒரே மாதிரியானவையா, வேறுபட்டவையா என்று கேட்காமல் எந்தக் கணக்கையும் தொடங்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதே. ஒரே மாதிரியான 10 லட்டுகளை 3 குழந்தைகளுக்குப் பங்கிட 66 வழிகள். ஆளுக்கு ஒன்றாவது கிடைக்க வேண்டுமெனில் 36. வெவ்வேறான 10 இனிப்புகள் என்றால் அதே கணக்கு 59,049 ஆகவும், ஆளுக்கு ஒன்றாவது என்ற நிபந்தனையுடன் 55,980 ஆகவும் மாறுகிறது. கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் வேறு.

கிராஃப் பகுதி எனக்கு விரைவாகவே கைவந்தது. 7 பேர் கூடிய இடத்தில் ஒவ்வொருவரும் சரியாக 3 பேருடன் கைகுலுக்க முடியாது, ஏனெனில் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் இருவர் இருப்பதால் கூட்டுத்தொகை இரட்டைப்படையாக வேண்டும், 7 × 3 = 21 ஒற்றைப்படை எண் என்பது போன்ற சிறு வாதங்கள் பல கேள்விகளுக்குப் போதுமானவை. குலங்களும் (சில விதிகளுக்கு உட்பட்ட ஒரு செயலியைக் கொண்ட கணங்கள்) லாட்டிஸ்களும் (எந்த இரண்டு உறுப்புகளுக்கும் மேலே மிக அருகில் ஒன்றும் கீழே மிக அருகில் ஒன்றும் பொதுவாக உள்ள வரிசை அமைப்புகள்) அப்படியல்ல. அவற்றுக்குச் சென்னை ஐஐடியின் பேராசிரியர் கமலா கிருத்திவாசன் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டேன். அவசரமின்றிக் கரும்பலகைப் பாடம் போலச் செல்லும் அவ்வுரைகளை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, 12-இன் வகுத்திகளையும் 30-இன் வகுத்திகளையும் படமாக வரைந்து ஒப்பிட்டேன். 30-இல் ஒவ்வொரு வகுத்திக்கும் நிரப்பி, அதாவது அதனுடன் மீப்பெரு பொது வகுத்தி 1 ஆகவும் மீச்சிறு பொது மடங்கு 30 ஆகவும் அமையும் இன்னொரு வகுத்தி, உண்டு. 12-இல் 2-க்கு நிரப்பி இல்லை. அந்த இரண்டு படங்களையும் வைத்தே வரையறைகள் அனைத்தையும் சோதித்துக் கொண்டேன்.

ஜூன் முதல் ஜனவரி வரை ஒரே ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதில் சரியான விடைகளை எழுதவில்லை. தவறிய கேள்வி, நான் நினைத்த வாதம், அது முறிந்த இடம், இம்மூன்றை மட்டுமே எழுதினேன். டிசம்பருக்குப் பின் புதிய கணக்குகளைக் குறைத்துக்கொண்டு, அந்த நோட்டின் கேள்விகளையே விடை பார்க்காமல் மறுபடி போட்டேன்.

இரண்டாம் தேர்வு முடிந்து, என் விடைகளும் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பும் வெளியானபோது, தனிநிலைக் கணிதத்தில் ஒரு கேள்வி மட்டும் தவறியிருந்தது. பலவிடைக் கேள்வியான அதில் ஒரு கூற்றை வெற்றுக் கணத்துக்குச் சோதிக்க மறந்திருந்தேன். எம்.டெக். சேரும் முன் அதையும் கடைசிப் பக்கத்தில் எழுதி முடித்தேன். அந்த நோட்டு இப்போது விடுதியில் எனக்கு இளையவனான ஒரு தம்பியிடம் இருக்கிறது.